கரண்ட் வருகிறது, இன்ஜின் எடுக்கவில்லை

சென்னைக்கு அருகே ஓரகடம், வல்லம் வடகால் பக்கத்து மோட்டார் சைக்கிள் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களிடம் 'போகா-யோகே' என்றால் விளக்கம் தேவைப்படாது. 1960களில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ பரப்பிய முறை அது. ஒரு பாகத்தைத் தவறாக மாட்டவே முடியாதபடி அதன் வடிவத்தை அமைத்துவிட வேண்டும். மாட்டுகிறவரின் கவனத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு கனெக்டர்களில் ஒன்றுக்கு மூன்று பின், இன்னொன்றுக்கு நான்கு; ஒன்றின் பூட்டு மேலே, இன்னொன்றின் பூட்டு பக்கவாட்டில். அரைத்தூக்கத்தில் இரவு ஷிப்ட் பார்த்தாலும் மாற்றிச் செருக முடியாது.

படகு இன்ஜினும் இப்படித்தான் ஆலையை விட்டு வெளியே வருகிறது. பிறகு உப்புக்காற்று வேலையைத் தொடங்குகிறது. கனெக்டர் பச்சை பூத்து ஒட்டிக்கொள்ளும். முதல் பழுதில் அதை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவார்கள். இரண்டாம் பழுதில் வேறு நிற வயர் இடையில் ஒட்டு விழும். மூன்றாம் பழுதுக்குள் அந்த இன்ஜினில் எந்த வயரையும் எதனோடும் சேர்க்கலாம் என்ற நிலை வந்துவிடும். ஆலை அடைத்து வைத்த தவறுகள் அத்தனைக்கும் பழுதுபார்ப்பு வாசல் திறந்துவிடுகிறது.

இக்னிஷன் வேலை பார்த்த பிறகு படகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது மெக்கானிக்குகள் அடிக்கடி கேட்கும் புகார். சர்வீஸ் கையேடுகள் இதற்குச் சொல்லும் வழி ஏறத்தாழ ஒன்றுதான்: பிளக்கில் பொறி வருகிறதா, இல்லையென்றால் காயிலின் ரெசிஸ்டன்ஸை அள, சரியென்றால் அடுத்த பாகம். பாகங்கள் கெட்டுப்போயிருக்கலாம், ஆனால் மாட்டியது சரியாக இருக்கும் என்று கையேடு எடுத்துக்கொள்கிறது. வேலை பார்த்த பிறகு நின்ற இன்ஜினில் நிலைமை நேர்மாறு. பாகங்கள் நேற்றுவரை வேலை செய்தவை, மாட்டியதுதான் புதிது. ஆகவே தேடலை ஆலை எந்தத் தவறுகளைத் தடுத்து வைத்திருந்ததோ அந்த இடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் எந்தப் படகு என்று பார்த்துவிட வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கரையில், 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவற்றில் நீண்ட வால் வைத்த டீசல் இன்ஜின்தான். டீசலில் இக்னிஷனே கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் எண்ணெய் தானாகப் பற்றுகிறது. மண்ணூரிலும் ஓரகடத்திலும் டெல்பி-டிவிஎஸ் ஆலைகள் செய்கிற பம்ப், இன்ஜெக்டர் வகைச் சாமான்கள்தான் அங்கே உயிர்நாடி. பிளக், காயில், மேக்னட் என்ற பேச்செல்லாம் படகின் பின்பலகையில் மாட்டும் வெளி இன்ஜின்களுக்கு உரியது: கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை, யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளில் ஓடுபவை, முட்டுக்காடு போன்ற படகுத் துறைகளில் இருப்பவை, பிறகு மீட்புப் படகுகளில் இருப்பவை.

இந்தக் கடைசி வகை ஓரகடத்துக்குத் தொலைவானது இல்லை. இந்தத் தொழில் பட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளின் மிகைநீர் அடையாற்றில்தான் சேர்கிறது. 2015 டிசம்பரில் அந்தத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் நின்றபோது அங்கே படகுகள் ஓடின. மீட்புப் படகு இன்ஜினுக்கு ஒரு தனி நோய் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அது கிடங்கில் கிடக்கும். மழைக்காலத்துக்கு முன் யாரோ பிளக் மாற்றி, காயிலைத் துடைத்து, வயரை ஒழுங்குபடுத்தி வைப்பார்கள். தண்ணீர் வரும் நாளன்று கயிற்றை இழுத்தால் எடுக்காது.

இக்னிஷனின் வரலாற்றை நீட்டி எழுதத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு தலைமுறை ஏற்பாடும் எந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது என்பது முக்கியம். 1902இல் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். 1909இல் ஓலி எவின்ரூட் அமெரிக்காவில் வெளி இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேட்டரி இல்லாமலே காந்தச் சக்கரம் சுற்றிப் பொறி பிறக்கும் ஏற்பாடு படகுக்கு ஏற்றதாக இருந்ததால் சிறிய வெளி இன்ஜின்களில் இன்றுவரை அது நீடிக்கிறது. அதன் மூத்த வடிவத்தில் பிளாட்டினம் பாயிண்டும் கண்டென்சரும் இருந்தன.

நம் ஊரில் பாயிண்ட் வைக்கக் கற்றவர்கள் பெரும்பாலும் புல்லட் மோட்டார் சைக்கிளில்தான் கற்றார்கள். 1955இல் சென்னையில் தொடங்கித் திருவொற்றியூரில் நெடுங்காலம் உருவான அந்த வண்டி 2013இல் ஓரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் பரவியது. பழைய புல்லட்டில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இரு முனைகளுக்கும் நடுவே சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைச் செருகி, அது நழுவும் கணத்தைக் கொண்டு டைமிங் வைப்பார்கள். வெளி இன்ஜின் பாயிண்டும் இதே கைப்பழக்கம்தான். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. புதிய பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் படலம் இருக்கும். எண்ணெய் ஒட்டிய ஃபீலர் கேஜும் அதே படலத்தை விட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் போதும், கரண்ட் வராது. பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை நடுவே இழுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, பாயிண்டின் வில்லை எர்த்திலிருந்து பிரித்து வைக்கும் சிறு வாஷர். அதை இடம் மாற்றிப் போட்டால் பாயிண்ட் திறந்தாலும் திறக்காத கணக்குத்தான். புதிய பாயிண்ட் போட்டேன், அதற்கு முன் இருந்த கரண்டும் போய்விட்டது என்பவர்கள் முதலில் இந்த வாஷரைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து வந்தது சி.டி.ஐ. எனும் மின்னணு இக்னிஷன். 1985இல் இந்தியச் சாலைக்கு வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 மூலம் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு இது பழக்கமானது. சக்கரத்தின் காந்தம் சார்ஜ் காயிலைக் கடக்கும்போது சில நூறு வோல்ட் பிறக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சர் அதைச் சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் சமிக்ஞை கொடுத்ததும் அது ஒரே அடியாக இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, பிளக்கில் பல ஆயிரம் வோல்ட்டாக வெடிக்கிறது. தேயும் பாகம் இல்லை, சரிசெய்யவும் ஒன்றுமில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்ததும் சாலை வண்டிகள் பெரும்பாலும் இன்னும் ஒரு படி போய், இன்ஜெக்ஷனும் கணினிப் பெட்டியுமாக (இ.சி.யூ.) மாறிவிட்டன. இன்று ஓரகடத்தில் பயிற்சி பெறும் இளைஞர் ஸ்கேனரை மாட்டி, பிழை எண்ணைப் படித்து வேலையைத் தொடங்குகிறார். மண்ணெண்ணெய் வெளி இன்ஜினில் ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. சாலை வண்டியும் படகும் ஒரே கைக்கு அடங்கிய காலம் முடிந்துபோனது இந்த இடத்தில்தான்.

அந்த இளைஞரைப் படகில் முதலில் ஏமாற்றுவது ஸ்டாப் வயர். இன்றைய மோட்டார் சைக்கிளில் கில் சுவிட்சை அணைத்தால் மின்வழி அறுகிறது. வயர் அறுந்தாலும் வண்டி நிற்கும். மேக்னெட்டோ சி.டி.ஐ.யில் கதை தலைகீழ்: சுவிட்சை அழுத்தினாலோ, பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை இழுத்தாலோ, சார்ஜ் காயிலின் மின்சாரம் எர்த்துக்கு வடிந்துவிடுகிறது. அதாவது ஸ்டாப் வயர் எங்காவது உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்ஜின் எப்போதும் அணைந்த நிலையில்தான் இருக்கும். வேலை முடிந்து மூடியைப் போடும்போது இந்த வயர் நசுங்குவது சர்வ சாதாரணம். கொக்கியை மாட்ட மறந்துபோவது அதைவிடச் சாதாரணம். உப்பு ஊறிய சுவிட்ச் பாதி மின்சாரத்தை மட்டும் கசியவிட்டு, பொறியை மெலியவைத்துக் குழப்பும்.

சோதனை எளிது. சி.டி.ஐ. பெட்டிக்குப் போகும் இடத்தில் ஸ்டாப் வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். கரண்ட் வந்துவிட்டால் பெட்டியும் காயில்களும் குற்றமற்றவை. பழுது சுவிட்சுக்கும் இந்த இடத்துக்கும் நடுவில். எந்த வயர் என்று நிறத்தை நம்பிக் கண்டுபிடிப்பதில் எச்சரிக்கை தேவை. யமஹாவில் அது வழக்கமாக வெள்ளை. மெர்குரியில் கறுப்பில் மஞ்சள் கோடு. ஒரு கம்பெனிப் படத்தைப் பார்த்து இன்னொரு கம்பெனி இன்ஜினுக்கு வயர் கொடுத்தவர்கள் கரையோரம் நிறைய உண்டு. கழற்றிய நிலையில் இன்ஜின் எடுத்துவிட்டால் சுவிட்சால் நிறுத்த முடியாது. சோக்கை இழுத்தோ எண்ணெயை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். அதே நிலையில் கடலுக்குப் போவது தற்கொலைக்குச் சமம். படகோட்டி விழுந்த பிறகும் இன்ஜின் ஓடும்.

ஸ்டாப் வயருக்கு அடுத்தது எர்த். சி.டி.ஐ. பெட்டியும் காயிலும் தம் போல்ட் வழியாகவோ கறுப்பு வயர் வழியாகவோ இன்ஜின் உடலோடு சேர்கின்றன. பெயின்ட் அடித்த பரப்பின் மேல் அப்படியே காயிலை முடுக்கியிருந்தால் போச்சு. அழகுக்காக வேலை பார்த்த இன்ஜின்களில் இது அடிக்கடி நிகழும்.

இனி தலைப்பில் சொன்னதற்கு வருவோம். 'கரண்ட் வருது, ஆனா எடுக்கல.' மெக்கானிக்கின் இந்த வாக்கியத்தில் முதல் பாதியை அப்படியே நம்பக் கூடாது. பிளக்கைக் கழற்றி உடலில் சாய்த்து இழுத்தால் நீலப் பொறி தெரியலாம். அது வெறும் காற்றில் தெரிந்த பொறி. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது அதே இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு மேலும் பல மடங்கு வோல்ட் வேண்டும். வெளியே தாண்டிய பொறி உள்ளே தாண்டாமல் போகலாம். அதனால்தான் சில மில்லிமீட்டர் அகலமாக வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் தேவைப்படுகிறது. விலை அதிகமில்லை, ஆனாலும் கரையோரப் பட்டறைகளில் அரிது. சோதிக்கும்போது பிளக்கோ டெஸ்டரோ எர்த்தில் உறுதியாக இருக்க வேண்டும். பாயப் போக்கிடமில்லாத வோல்ட் காயிலையும் பெட்டியையும் துளைத்துவிடும். பிளக் துளையிலிருந்து வரும் எரிபொருள் ஆவி பக்கத்தில் இருப்பதால் பொறியைத் துளையிலிருந்து தள்ளியே காட்ட வேண்டும்.

பொறி வலுவாகவும் இருக்கிறது, இன்ஜின் எடுக்கவில்லை என்றால், பொறி தவறான நேரத்தில் வருகிறதா என்பது கேள்வி. இங்கேதான் காந்தச் சக்கரத்தைக் கழற்றியவர்கள் சிக்குகிறார்கள். சக்கரம் கிராங்க் தண்டின் கூம்பு முனையில் உட்கார்ந்திருக்கும். நடுவே இருக்கும் அரைவட்டச் சாவி சக்கரத்தைப் பிடித்து வைப்பதற்கு இல்லை. அது இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். பிடித்து வைப்பது கூம்பின் இறுக்கம். கூம்பில் கிரீஸ் தடவினாலோ, அழுக்கு மிச்சமிருந்தாலோ, நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்காவிட்டாலோ, முதல் இரண்டு இழுப்பில் சக்கரம் நழுவிச் சாவியைப் பாதியாக வெட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் காந்தம் சில டிகிரி தள்ளிப்போயிருக்கும். கயிறு இழுப்பவரின் கையை இன்ஜின் திருப்பி வெட்டி இழுக்கிறதா, கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று அடிக்கிறதா, அப்போது நட்டைக் கழற்றிச் சாவியைப் பார்த்தே ஆக வேண்டும். கழற்ற புல்லர் வேண்டும். சுத்தியலால் சக்கரத்தைத் தட்டினால் ஒட்டிய காந்தம் பெயரும், அடியில் பேரிங்குக்கும் ஆகாது.

பல வெளி இன்ஜின்களில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது காயில்கள் உட்கார்ந்திருக்கும் தட்டும் சேர்ந்து நகர்ந்து டைமிங்கை முன்னே கொண்டுபோகும். அதை இணைக்கும் சிறு கம்பியை மாட்டாமல் விட்டால் தட்டு எங்கே நிற்கிறதோ அதுதான் டைமிங். இதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

பிளக் வயர் மாற்றிப் போடுவது பற்றி ஒரு நுணுக்கம். இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பொறி கொடுக்கும் இன்ஜினில் வயர் மாறினால் பொறி பிஸ்டன் கீழே இருக்கும்போது விழும், ஆயுசுக்கும் எடுக்காது. இரண்டு பிளக்குக்கும் ஒரே காயில் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும் வகையில் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. மூன்று சிலிண்டரில் இரண்டு வயர் மாறினால் ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக அடித்து ஆசை காட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த உள் இன்ஜின்கள் நம் கரையில் அபூர்வம். அவற்றில் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் சிலிண்டர் புகை தள்ளும் சுற்றில் மேலே வந்திருக்கும்போது அழுத்தச் சுற்று என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கிவிடுவது. பிளக் துளையில் விரலை வைத்துக் காற்று தள்ளுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

பிளக்கின் எண்ணும் ஏமாற்றும். என்.ஜி.கே.யில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பாஷில் எண் குறைந்தால் குளிர்ந்தது. ஒன்றுக்கு மற்றொன்றை எண் பார்த்து வாங்கியவர் தலைகீழாக வாங்கியிருப்பார். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினில் குளிர்ந்த பிளக் சீக்கிரம் கறுத்துப்போகும்.

மண்ணெண்ணெயைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், ஏனென்றால் 'இக்னிஷன் வேலைக்குப் பின் எடுக்கவில்லை' என்ற புகார்களில் இக்னிஷனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பங்கு இதில் இருக்கிறது. பெட்ரோல் உறையும் குளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். ஆகவே மண்ணெண்ணெய் இன்ஜினைப் பெட்ரோலில் எடுத்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வந்து நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோலை நிரப்பி நிறுத்துவது வழக்கம். கடலில் பொறி போய் இன்ஜின் திடீரென்று நின்றால் இந்தக் கடைசிப் படி நடக்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெயே நிற்கும். பட்டறையில் சி.டி.ஐ.யை மாற்றி, கரண்டைப் பார்த்து, மூடியைப் போட்டு இழுத்தால், குளிர்ந்த இன்ஜினுக்குள் மண்ணெண்ணெய்தான் போகும். பிளக் நனையும், எடுக்காது, மாற்றிய சி.டி.ஐ. மீது பழி விழும். கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி வடித்துவிட்டு, பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, பெட்ரோலை ஏற்றினால் முதல் இழுப்பிலேயே எடுக்கும் இன்ஜின்கள் இவை.

இந்த அறிவை நூலில் படிக்காமலே முழுதாகக் கற்றுக்கொண்டவர்கள் யாழ்ப்பாணத்தார். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. எடுப்பதற்கு மட்டும் சில துளி பெட்ரோல். எந்த இன்ஜின் எவ்வளவு சூட்டில் மண்ணெண்ணெயை ஏற்கும் என்பது ஒரு தலைமுறைக்கே மனக்கணக்காகிவிட்டது. இன்றைய படகு மெக்கானிக்குகளுக்கு அந்த அனுபவம் எழுத்தாக வந்து சேராதது பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன்.

கிடங்கில் கிடக்கும் மீட்புப் படகு இன்ஜினுக்கு மண்ணெண்ணெய்ச் சிக்கல் இல்லை. அங்கே எத்தனால் சிக்கல். 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. வெளி இன்ஜின் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 சதவீதம்வரைதான் ஏற்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மழைக்கு முன் பிளக்கை மாற்றுகிறவர்கள் பழைய பெட்ரோலை மாற்றாமல் விட்டால் அந்த வேலை அரைகுறை.

இவ்வளவையும் பார்க்காமல் நேராகச் சி.டி.ஐ. பெட்டியை மாற்றிவிடும் பழக்கம் கரையெங்கும் இருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு: பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது, மீட்டரால் முழுமையாகச் சோதிக்கவும் முடியாது, மீனவருக்கோ ஒரு நாள் தொழில் போவது பெட்டியின் விலையைவிட வலிக்கும். ஆனால் மூடிக்கு அடியில் நசுங்கிய ஸ்டாப் வயர் புதிய பெட்டியையும் அதே மாதிரி அணைத்தே வைக்கும். சார்ஜ் காயிலையும் பல்சர் காயிலையும் மீட்டரில் அளந்து கையேட்டு எண்ணோடு ஒப்பிடலாம். அதுவும் காயில் சூடாகும்போது மட்டும் விட்டுப்போகும் பழுதைக் காட்டாது. பெட்டியைச் சந்தேகிக்கக் கடைசியாக மிஞ்சும் நல்ல வழி பக்கத்துப் படகின் அதே மாடல் இன்ஜினிலிருந்து ஒரு பாகத்தை, ஒரே ஒரு பாகத்தை, மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எடுத்தாலும் எது பழுது என்று தெரியாது.

பயிற்சி பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. 1963இல் கொச்சியில் தொடங்கி 1968இல் சென்னையிலும் கிளை கண்ட மத்திய மீன்வள கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் கடல் இன்ஜின் ஃபிட்டர்களை உருவாக்குகிறது. அதன் நோக்கு பெரிய கலங்களின் பக்கம். 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் வெளி இன்ஜின்களை மீனவருக்குக் கொண்டுசேர்த்துப் பழுதுபார்ப்பையும் கவனித்தது. கிழக்குக் கரை டீசலுக்குப் போய்விட்டதால் அங்கே இந்தக் கை வளரவில்லை. ஓரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியே ஒரே போக்கில் கோவளம் கடற்கரைக்குப் போய்விடலாம். இந்தப் பக்கம் போகா-யோகே தெரிந்த ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் கனெக்டர் வெட்டிய இன்ஜின்கள் இருக்கின்றன. ஸ்கேனரைவிட, கழற்றும் முன் வயர்களைக் கைப்பேசியில் படமெடு, ஒவ்வொன்றிலும் எண் கட்டு, வெட்டாதே என்ற ஆலைப் பழக்கம்தான் கடலுக்கு உடனே உதவும். வெட்டியே தீர வேண்டுமென்றால் நீர்புகாத கனெக்டர் போட்டு, பக்கத்தில் வருவதற்கு வேறு அளவுக் கனெக்டர் போட்டால், அடுத்து வருகிறவருக்குத் தவறும் வாய்ப்பு அங்கேயே அடைபடும்.

கடைசியாக, எடுத்த பிறகு. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிரூட்டும் பம்பின் ரப்பர் இறகு நொடிகளில் கருகும். டிரம்மில் நீர் நிரப்பி அதில் இறக்கியே ஓட்ட வேண்டும். சூடாகும்வரை ஓடவிட்டு, அணைத்து, சூட்டோடு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். சூட்டில் விட்டுப்போகும் காயில் அப்போதுதான் பிடிபடும். சோதனைக்காகக் கழற்றிய ஸ்டாப் வயரை மாட்டிய பிறகு, ஓடும் இன்ஜினில் பாதுகாப்புக் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும். இன்ஜின் உடனே நிற்காவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை. படகைத் தண்ணீரில் தள்ளக் கூடாது.